சின்னப் பிள்ளைகளுக்கு எந்த டிவி நிகழ்ச்சி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மா அப்பாக்களும் தாத்தா பாட்டிகளும் எங்கள் ப்ளே ஸ்கூல் வாசலில் நின்று கேட்கிற கேள்விகள் இவை. "டிவியே போடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்தப் பதிலால் எந்த வீட்டிலும் டிவி நின்றதாக நான் பார்த்ததில்லை. எதைப் போடலாம், எதை வேண்டாம் என்று தள்ளலாம், எப்படி அடையாளம் காண்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் பெற்றோர் கேட்டபடியே இருக்கின்றன.

எந்த வயசுல இருந்து டிவி காட்டலாம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ கால் பேசுவதற்கு மட்டும் அவர்கள் விலக்குத் தருகிறார்கள்.

"ரெண்டு வயசு கூட ஆகல, ஆனா கண்ணு எடுக்காம பாக்குறானே, அறிவு வளராதா?" என்று கேட்கிறார்கள். பார்ப்பான். பளிச்சென்று அசைகிற எதையும் கைக்குழந்தை பார்க்கும். பார்த்ததை எடுத்துப் பயன்படுத்தத்தான் அந்த வயதில் வராது. 1998ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், பக்கத்து அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்து வைத்தார். சில பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். சில பிள்ளைகள் அதே காட்சியை டிவியில் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த இரண்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகப் போய் எடுத்தார்கள். டிவியில் பார்த்த அதே வயதுப் பிள்ளைகள் எங்கே தேடுவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். இரண்டரை வயதில் இந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் எந்த நிகழ்ச்சி நல்லது என்ற கேள்வியே இரண்டு வயதுக்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

நல்ல நிகழ்ச்சின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் வேகத்தைப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு காட்சியைப் பார்த்து, யார் யார் என்று புரிந்து, அடுத்தது என்ன என்று யோசிக்க நேரம் வேண்டும். அமெரிக்காவில் 2011ல் வெளியான ஒரு ஆய்வில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கடலுக்கடியில் வாழும் மஞ்சள் ஸ்பாஞ்ச் பாத்திரம் வரும் வேகமான கார்ட்டூன். அதில் சராசரியாக 11 நொடிக்கு ஒருமுறை காட்சி முழுவதும் மாறும். இன்னொரு குழுவுக்கு ஒரு சாதாரணப் பையனின் வீட்டு வாழ்க்கையைக் காட்டும் மெதுவான கார்ட்டூன். அதில் 34 நொடிக்கு ஒருமுறை. மூன்றாவது குழுவுக்கு வெறும் தாளும் கலர் பென்சிலும். எல்லாருக்கும் ஒன்பதே நிமிடம்தான். உடனே, பொறுத்திருப்பது, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது போன்ற சின்னச் சின்னப் பரீட்சைகள் வைத்தார்கள். வேகமான கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள் மற்ற இரண்டு குழுவையும்விடக் குறைவாகச் செய்தார்கள். மெதுவான கார்ட்டூன் பார்த்தவர்களும் படம் வரைந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தார்கள். இது உடனடி விளைவு மட்டும்தான். வருடக்கணக்கில் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் சாயங்காலம் டிவியை அணைத்ததும் பிள்ளை ஏன் சொன்ன பேச்சுக் கேட்காமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்று யோசிக்கிற அம்மாவுக்கு இது ஒரு துப்பு.

இரண்டாவது, நிகழ்ச்சி பிள்ளைக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1996ல் தொடங்கிய ஒரு நாய்க்குட்டி நிகழ்ச்சியில், நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டுச் சில நொடிகள் சும்மா திரையைப் பார்த்து நிற்பார். பெரியவர்களுக்கு அந்த மௌனம் பொறுக்காது. பிள்ளை அந்த இடைவெளியில்தான் பதில் சொல்லும். நம் வீடுகளில் இதைத் தமிழில் கொண்டுவந்தது சுட்டி டிவியில் ஓடிய டோரா. "உங்களுக்குப் பாலம் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு அவள் நிற்கும்போது, தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எழுந்து போய்த் திரையைத் தொட்டு "இதோ" என்று காட்டும். குள்ளநரி வரும்போது "திருடக்கூடாது" என்று வீடே அதிரக் கத்தும். இன்றைக்குக் கல்லூரி படிக்கிற பிள்ளைகளுக்குக்கூட அந்த வசனம் மறக்கவில்லை. பிள்ளையின் வாயிலிருந்து வார்த்தை வரவழைக்கிற நிகழ்ச்சி எதுவோ அதுதான் என் முதல் தேர்வு.

மூன்றாவது, பிள்ளைக்குத் தெரிந்த உலகம் அதில் இருக்க வேண்டும். பல் தேய்ப்பது, மழையில் நனைவது, தம்பிப் பாப்பா பிறப்பது, பொம்மையைப் பங்குபோட மனசு வராதது. இந்த வயதுக்கு இவைதான் பெரிய விஷயங்கள். அண்டத்தைக் காப்பாற்றுகிற வீரன் இன்னும் சில வருடம் காத்திருக்கலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. பிள்ளைக்குப் போடுவதற்கு முன் நீங்கள் ஒரு பகுதியை முழுசாகப் பாருங்கள். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். யாராவது யாரிடமாவது நிதானமாகப் பேசுவது காதில் விழுகிறதா, அல்லது மோதல் சத்தமும் பின்னணி இசையும் கத்தலும் மட்டும்தானா? அப்புறம் பிள்ளைக்குப் போட்டு, அணைத்த பிறகு அரை மணி நேரம் கவனியுங்கள். பார்த்ததை வைத்து விளையாடினால், கேள்வி கேட்டால், பாட்டை முணுமுணுத்தால் அந்த நிகழ்ச்சி தொடரட்டும். எரிச்சலும் அடிதடியும் வந்தால், மூன்று நாள் அதை நிறுத்திவிட்டு மறுபடி கவனியுங்கள். எந்த வல்லுநர் பட்டியலைவிடவும் உங்கள் பிள்ளையைப் பற்றி இது அதிகம் சொல்லும்.

கார்ட்டூன்னாலே குழந்தைகளுக்குத்தானே?

இல்லை. எலியைப் பூனை துரத்தும் அந்தப் புகழ்பெற்ற தொடர் 1940ல் சினிமா தியேட்டரில் எல்லா வயதினரும் பார்ப்பதற்காகத் தொடங்கியது. தலையில் இரும்புச் சட்டி விழுவதும் வாலில் தீப்பிடிப்பதும் பெரியவர்களையும் சேர்த்துச் சிரிக்க வைக்க எழுதப்பட்டவை. ஷின் சான் 1990ல் ஜப்பானில் பெரிய ஆண்களுக்கான வாரப் பத்திரிகை ஒன்றில் படக்கதையாகத் தொடங்கியது. ஐந்து வயதுப் பையன் கதாநாயகன் என்பதால் ஐந்து வயதுப் பையனுக்கான கதை என்று நம் ஊரில் நினைத்துக்கொண்டோம். அம்மாவைக் கிண்டல் செய்வதும் டீச்சரை ஒரு மாதிரி பார்ப்பதும் அதில் ஏன் வருகிறது என்று இப்போது புரியும்.

2008ல் வந்த சோட்டா பீம் நம் நாட்டுப் படைப்பு, கிராமமும் நண்பர்களும் லட்டும் இருப்பதால் நமக்கு நெருக்கமாகத் தெரிகிறது. ஆனால் பெரும்பாலான கதைகள் கடைசியில் ஒரு குத்துச் சண்டையில்தான் முடிகின்றன. ஏழெட்டு வயதுப் பிள்ளை அதைக் கதையாக எடுத்துக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளை குத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்கு வரும்.

"யு" என்று போட்டிருந்தால் போதுமா என்றும் கேட்கிறார்கள். ஓடிடி தளங்களில் 2021 விதிகளின்படி யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்துகிறார்கள். ஏழு வயதுக்குக் கீழே தனி வகை எதுவும் இல்லை. யு என்றால் எல்லாரும் பார்க்கலாம், ஆட்சேபத்துக்குரியது இல்லை என்றுதான் அர்த்தம். மூன்று வயதுக்குப் புரியும், உகந்தது என்று அது சொல்லவில்லை.

நீதிக்கதை வீடியோ போடுறேன். அது நல்லதுதானே?

பாதி நல்லது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் ஓடுவது இதுதான்.

நீதிக்கதை வீடியோ ஐந்து நிமிடம் என்றால் நாலரை நிமிடம் திருட்டு, ஏமாற்று, கேலி, சண்டை. கடைசி அரை நிமிடத்தில் ஒரு குரல் வந்து "ஆகவே குழந்தைகளே" என்று நீதி சொல்லும். பெரியவர்களாகிய நாம் கடைசி அரை நிமிடத்தை வைத்து முழுக் கதையையும் திருப்பிப் புரிந்துகொள்கிறோம். சின்னப் பிள்ளைக்கு அது இன்னும் கைவராத வேலை. அது பார்த்த நேரத்தில் பெரும்பகுதி கேலியும் சண்டையும்தான், அதைத்தான் செய்து பார்க்கும்.

2008ல் ஒரு ஆய்வில், யு.கே.ஜி வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் காட்டினார்கள். மூன்று கால் நாய் ஒன்று வருகிறது, மற்ற நாய்கள் பயந்து ஒதுங்குகின்றன, கடைசியில் நட்பாகின்றன. நம்மைவிட வேறு மாதிரி இருப்பவரை ஒதுக்கக் கூடாது என்பது சொல்ல வந்த பாடம். பிள்ளைகளிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டபோது பலர் சொன்னது, மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதுதான். நாயைத் தாண்டி மனிதருக்கு அந்தப் பாடம் போகவில்லை.

காக்கா, நரி, வடை கதையைப் போட்டுவிட்டு எங்கள் வகுப்பில் கேட்டால், "நரிக்கு வடை கெடச்சுது" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, மூன்று வயதில் கதை அப்படித்தான் தெரியும். நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: "காக்கா இப்ப பாடினா வடை என்ன ஆகும்?" "காக்காவுக்கு இப்ப எப்படி இருக்கும்?" இந்த இரண்டு கேள்விக்குப் பிறகு அதே வீடியோ வேறு கதையாகிவிடும். இன்னும் நல்லது, ஆரம்பத்திலிருந்தே பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் உதவுவதைக் காட்டும் கதையைத் தேர்ந்தெடுப்பது. கெட்டவன் இல்லாமல் கதை நகராது என்று நினைக்க வேண்டாம். தொலைந்துபோன செருப்பைத் தேடுவது இந்த வயதுக்குப் போதுமான கதை.

அப்பத்தா சீரியல் பார்க்கும்போது பிள்ளையும் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. அதுக்கு என்ன புரியப் போகுது?

எங்கள் வகுப்பில் ஒரு மூலையில் பொம்மை வீடு வைத்திருக்கிறோம். சின்ன அடுப்பு, தட்டு, துணிப் பொம்மைகள். மூன்றரை வயதுப் பாப்பா ஒருத்தி அதில் ஒரு பொம்மையைச் சுவரோரம் நிற்க வைத்து, விரலை நீட்டி, "என் பையன் வாழ்க்கையே உன்னால நாசமாப் போச்சு" என்றாள். அப்புறம் தலையைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பி, மறுபடி திருப்பி, மூன்றாவது முறையும் திருப்பினாள். கேமரா மூன்று தடவை முகத்துக்கு நெருங்கி வருமே, அதைத்தான் அவள் செய்தாள். வார்த்தையின் அர்த்தம் தெரியாது. குரலும் கண்ணும் வெறுப்பும் அப்படியே ஏறியிருந்தன.

பிள்ளை திரையைப் பார்க்கவே இல்லை, தன்பாட்டுக்கு விளையாடுகிறது என்றாலும் பாதிப்பு உண்டு. 2008ல் ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அறையில் பொம்மைகள், ஓரத்தில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதை அதிகம் பார்க்கவில்லை. ஆனாலும் டிவி ஓடியபோது ஒரே விளையாட்டில் நிலைத்திருந்த நேரம் குறைந்தது. ஒரு பொம்மையை எடுப்பது, விடுவது, இன்னொன்றுக்கு ஓடுவது என்று ஆனது.

சரி, அப்பத்தாவுக்கும் நாள் முழுக்க இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதான். அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். மறு ஒளிபரப்போ சேனலின் ஆப்போ இருக்கிறது. பிள்ளை தூங்கும் மதிய நேரத்துக்கு சீரியலை மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் அந்த அரை மணி நேரம் பிள்ளையை வேறு இடத்துக்கு அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டும். சமையல்கட்டில் வெண்டைக்காயை எண்ணிக் கூடையில் போடச் சொன்னால்கூடப் போதும். இதை அப்பத்தாவிடம் சொல்ல வேண்டியவர் மகன். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும். பல வீட்டில் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

நடுவுல வர்ற விளம்பரம் பரவாயில்லையா?

ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்கு விளம்பரம் நம்மை வாங்க வைக்கத்தான் பேசுகிறது என்பது சரியாகப் புரிவதில்லை. அதிலும் நான்கு வயதுக்குக் கீழே நிகழ்ச்சி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்றே பலருக்குத் தெரியாது. அதனால்தான் ஸ்வீடனில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் டிவி விளம்பரத்துக்கு 1991லிருந்தே தடை இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கிய விளம்பரத்தை 1980லேயே தடுத்தார்கள். நம் ஊரில் கார்ட்டூன் சேனலைப் போட்டால் சத்து மாவு பானம், பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட் என்று வரிசையாக வரும். மளிகைக் கடையில் பிள்ளை தரையில் புரண்டு அழுவதற்கு விதை அங்கேதான் விழுகிறது.

விளம்பரம் வரும்போது ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துங்கள். சத்தம் போனதும் பிள்ளையின் கண் தானாகத் திரையை விட்டு விலகும். அந்த இரண்டு நிமிடம் பார்த்த கதையைப் பற்றிப் பேசலாம்.

டிவி நல்லதா, போன் நல்லதா? யூடியூப் போடலாமா?

டிவிதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹாலில் ஓடும் டிவியில் பிள்ளை என்ன பார்க்கிறது என்று சமையல்கட்டிலிருந்தே தெரியும். கண்ணுக்கும் திரைக்கும் இடையில் தூரம் இருக்கும். அண்ணனும் தாத்தாவும் கூட உட்கார்ந்து பார்க்கலாம். போன் பிள்ளையின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும், அதில் என்ன ஓடுகிறது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். விரலால் தள்ளத் தெரிந்துவிட்டால் எந்தக் கதையையும் கடைசி வரை பார்க்காது.

யூடியூபில் நல்லதும் இருக்கிறது. 2013ல் சென்னையில் தொடங்கிய சூச்சூ டிவி உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கும் சேனல். தமிழிலும் பாட்டுகள் போடுகிறார்கள். சிக்கல் அடுத்து வருகிற வீடியோவில் இருக்கிறது. 2017ல், பிள்ளைகளுக்குத் தெரிந்த கார்ட்டூன் முகங்களை வைத்து ஊசி குத்துவது, அடிப்பது, பயமுறுத்துவது போன்ற வீடியோக்கள் ஏராளமாகப் பரவியது தெரியவந்து உலகம் முழுக்கப் பேச்சானது. அப்புறம் நிறைய நீக்கினார்கள். ஆனாலும் இயந்திரம் தேர்ந்தெடுத்துத் தரும் வரிசையில் பிள்ளையைத் தனியாக விட முடியாது.

போடத்தான் வேண்டும் என்றால் யூடியூப் கிட்ஸ் ஆப்பைப் போட்டு, அமைப்புகளில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த வீடியோ மட்டும் தெரியும்படி வையுங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்துங்கள். அதிலேயே டைமரும் இருக்கிறது. வீடியோக்களை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நீங்களே பொறுக்கி எடுங்கள். அதை டிவித் திரைக்கு மாற்றிக் காட்டினால் இன்னும் நல்லது.

போன் காட்டினாத்தான் சாப்பிடுறா. என்ன பண்றது?

திரையைப் பார்க்கும் பிள்ளை வாயைத் திறக்கும், விழுங்கும். பசித்ததா, வயிறு நிறைந்ததா என்று அதற்கே தெரியாது. ருசியும் பெயரும் பதியாது. கீரையை அது சாப்பிட்டது என்று நாம் நினைக்கிறோம், கீரையைப் பார்த்ததே இல்லை.

ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு பேரும் அழுவீர்கள். முதலில் ஒரு வேளை மட்டும் எடுங்கள், காலை நேரம் சுலபம். அந்த வேளையில் தட்டைப் பிள்ளை முன்னால் வைத்து, தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள். இட்லி துண்டு, வேகவைத்த காரட், வாழைப்பழம் போல கையால் எடுக்க முடிந்ததாக இருக்கட்டும். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடும். நன்றாக ஓடியாடி விளையாடுகிற, எடை சரியாக இருக்கிற பிள்ளை ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. எடை குறைவாக இருக்கிற பிள்ளை என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே எபிசோடைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். மாத்தணுமா?

வேண்டாம். மேலே சொன்ன நாய்க்குட்டி நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். முதல் நாள் வாயைப் பிளந்து பார்த்த பிள்ளை, ஐந்தாம் நாள் முந்திக்கொண்டு பதில் சொன்னது. உங்களுக்கு அலுக்கும், பிள்ளைக்கு அலுக்காது.

டிவியில பார்த்ததுக்குப் பயந்து ராத்திரி அலறுறா.

சின்னப் பிள்ளைகள் தோற்றத்துக்குப் பயப்படுவார்கள். பெரிய பிள்ளைகள் என்ன நடக்கப் போகிறதோ என்று பயப்படுவார்கள். 1980களில் அமெரிக்காவில், நல்ல மனிதன் ஒருவன் பச்சை நிற அரக்கனாக மாறி மற்றவர்களைக் காப்பாற்றும் தொடரை வைத்து இதை ஆராய்ந்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் பயம் வந்தது அவன் உருமாறும் இடத்தில். அவன் நல்லவன் என்பது அவர்களுக்கு உதவவில்லை. பாம்பாக மாறும் பெண், கோரைப்பல் அசுரன், கண்ணை உருட்டும் மந்திரவாதி எல்லாம் பக்திக் கதையில் வந்தாலும் உங்கள் பாப்பாவுக்குப் பயம்தான்.

"அது பொய்டா, மேக்கப்" என்று விளக்குவது இந்த வயதில் பலிக்காது. மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், விளக்கைப் போடுங்கள், பக்கத்தில் படுங்கள். பகலில் அந்த அசுரனை மண்ணில் செய்து விளையாட விடுங்கள்.

செய்திச் சேனலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு விபத்தையோ வெள்ளத்தையோ திரும்பத் திரும்பக் காட்டும்போது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று நடப்பதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

இங்கிலீஷ் நிகழ்ச்சி போட்டா இங்கிலீஷ் வந்துடுமா? வெளிநாட்டுல இருக்கோம், தமிழ் நிகழ்ச்சி போட்டா தமிழ் வருமா?

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்: வார்த்தைகள் வரும், மொழி வராது. 2003ல் வெளியான ஒரு சோதனையில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கக் கொடுத்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டே பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆள் அதே பேச்சை வீடியோவில் பேசியபோது எதுவும் கற்கவில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நல்ல நிகழ்ச்சி புது வார்த்தை சொல்லித் தரும். அதை வீட்டில் யாராவது பேச்சில் திருப்பிப் பயன்படுத்தினால் தங்கும்.

டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. 2014ல் இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், நேரலை வீடியோ காலில் பேசியவரிடமிருந்து பிள்ளைகள் புது வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. வீடியோ காலில் இருப்பவர், பிள்ளை பேசினால் திருப்பிப் பதில் பேசுகிறார் என்பதுதான் வித்தியாசம். அதனால் ஊரில் இருக்கும் அம்மாச்சியை வாரத்தில் சில நாள் வீடியோ காலில் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்லுங்கள். தமிழ்க் கார்ட்டூனை அதற்கு அப்புறம் வையுங்கள்.

அணைச்சா ரகளை பண்றான்.

முடிவு இல்லாததைப் போட்டால் அணைப்பது எப்போதும் பிடுங்குவதாகவே இருக்கும். ஏழு நிமிடம், பத்து நிமிடத்தில் கதை முடிகிற நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். கதை நடுவில் அணைக்காதீர்கள், அப்படிச் செய்தால் நமக்கே கோபம் வரும். தொடங்கும் முன்பே "ரெண்டு கதை, அப்புறம் மாடிக்குப் போய் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறோம்" என்று சொல்லுங்கள். பொத்தானைப் பிள்ளையே அமுக்கட்டும். அணைத்த பிறகு செய்ய உண்மையிலேயே ஒரு வேலை காத்திருக்க வேண்டும். தூங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் டிவியே வேண்டாம்.

ரெண்டு வயசு தாண்டியும் பேச்சு வரல. டிவியாலதானா? ஆட்டிசம் வந்துடுமா?

டிவி பார்ப்பதால் ஆட்டிசம் வருவதில்லை. அது மூளை வளர்ச்சியோடு சேர்ந்த, பெரும்பாலும் பிறப்பிலேயே வேர் உள்ள நிலை. இந்தப் பயத்தில் எத்தனையோ அம்மாக்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டில் இருப்பவர்களும் அம்மாவை அப்படிச் சொல்லாதீர்கள்.

நாள் முழுக்கத் திரை முன்னால் இருக்கிற பிள்ளையோடு பேசுகிறவர்கள் குறைந்துபோவதால் பேச்சு தாமதமாகலாம், அது உண்மை. ஆனால் "டிவியை நிறுத்தினா சரியாயிடும்" என்று ஆறு மாதம் காத்திருப்பதுதான் நான் பார்த்ததில் பெரிய இழப்பு. 16 மாதமாகியும் ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது, இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். டிவியையும் குறையுங்கள், டாக்டரையும் பாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பார்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், 2013லிருந்து, மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் (வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டு உதவும் இடங்கள்) அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து நடக்கின்றன. பேச்சுப் பயிற்சி உட்பட அங்கே இலவசம். உங்கள் அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம செவிலியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள்.

காய்ச்சல் நேரத்துல, நீண்ட ரயில் பயணத்துல கொஞ்சம் கூடுதலா காட்டினா?

காட்டுங்கள். காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் பிள்ளை உங்கள் மடியில் படுத்துக்கொண்டு தெரிந்த கதையை நாலாவது முறை பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. ரயிலில் என்றால் புறப்படும் முன்பே நாலைந்து கதைகளை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் கிடைக்காமல் கண்டதைத் தேட வேண்டி வராது. சத்தத்தைக் குறைத்து வையுங்கள், எதிர் சீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். காய்ச்சல் விட்ட மறுநாள் பழைய கணக்குக்கே திரும்புங்கள். இரண்டு நாள் முனகுவான், அப்புறம் சரியாகிவிடும்.